கயிற்று வீடு

தையல்காரியின் தாத்தா வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள்தான் அவருடைய அண்ணனைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். காலையில் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினார். வாசலில் நின்ற ஆறு வயது மகனிடம், மழை வரும் போலிருக்கிறது, என் செருப்பை உள்ளே எடுத்துப் போடு என்றார். அப்படியே வெறுங்காலோடு துறைமுகத்தை நோக்கி நடந்தார். மகன் செருப்பை எடுத்து வைத்தான். மழை வரவில்லை. அவரும் வரவில்லை.

அந்த மகன்தான் தையல்காரியின் அப்பா. ஆனால் இந்தக் கதை அவளுக்குத் தெரிய வந்தது வெகு காலம் கழித்துத்தான். சின்ன வயதில் அவளுக்குச் சொல்லப்பட்டது வேறு. குடும்பப் பெயர் கயிறு என்று இருக்கிறதே, ஏன் என்று கேட்டால், முன்னோர் கயிற்றுக்கடை வைத்திருந்தார்கள் என்பார் அப்பா. அதைப் பள்ளியில் போய்ச் சொன்னாள். "பேரே கயிறு, அப்புறம் திரிக்காம என்ன செய்வா?" என்று வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வந்தாலும் அப்பா கடைக் கதையை மாற்றவில்லை.

கல்யாணமாகி, துறைமுக வாசலுக்கு எதிரே தையல் கடை போட்டு, அவளுக்கும் ஒரு மகள் வந்து, அந்தக் குழந்தையும் ஒருநாள் அதே கேள்வியைக் கேட்டாள். தையல்காரி மெஷினை மிதித்தபடியே கயிற்றுக்கடையைப் பற்றி ஆரம்பித்தாள். மூலையில் நாற்காலியில் இருந்த அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடையும் இல்ல, கண்றாவியும் இல்லம்மா. எவ்வளவு நாள்தான் இதையே சொல்றது?"

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

தாத்தாவின் அண்ணன் முக்குளிப்பவர். கப்பல் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, கப்பலை ஓட்டும் விசிறியில் சுற்றிய வலையை அறுப்பது அவர் வேலை. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் தம்பி கையில் இருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து பேச முடியாதல்லவா, கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் தூக்கு. ஒருநாள் வலை அறுக்க இறங்கியவர் அந்த வலைக்குள்ளேயே, தளர்ந்து கிடந்த தன் கயிறும் சேர்ந்து சுற்ற, உயிரில்லாமல் வந்தார்.

தம்பி வேண்டுமென்றே கயிற்றை நழுவவிட்டான் என்று துறைமுகத்தில் பேச்சு எழுந்தது. அந்த மாதம்தான் அண்ணனை முக்குளிப்போர் குழுவுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். தம்பிக்கு வயிற்றெரிச்சல் என்றார்கள். புதைத்த மறுநாளே தம்பி காணாமல் போனது அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றியது. அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே சுவருக்கு இரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா பேச்சை நிறுத்தியவர்தான், சாகும்வரை வாய் திறக்கவில்லை. இந்தப் பக்க வீட்டுக்குக் கயிற்று வீடு என்று பெயர் விழுந்தது.

அப்பா கிரேன் ஓட்டும் வேலையில் சேர்ந்தபோது, அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். அடையாளத்துக்குக் குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். பின்னால் நின்ற எவனோ "கயிறு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி விஷயம் தெரியாதவர்; எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பா கிரேனில் ஏறும்போதெல்லாம் கீழே ஒரு குரல் வரும்: "கயிறு மேல ஏறிட்டான், எல்லாரும் தள்ளி நில்லுங்கடா." அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"சிரிக்காம வேற என்ன பண்றது?" என்றார் மகளிடம். "எனக்கு அவர் வரலைங்கறதுகூட இல்லம்மா. வேணும்னு விட்டாரா, இல்லையா. அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

தையல்காரிக்குத் தெரிந்த ஒரே வழி அவள் கடைவாசல்தான். பித்தான் தைக்க, ஓரம் மடிக்க, கிழிந்த பையைச் சேர்க்க என்று கப்பல்காரர்கள் வந்து போகிற இடம். நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, தாத்தாவைப் பற்றி அப்பா சொன்ன அடையாளத்தை வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்பாள்: போகிற துறைமுகத்தில், வலது கை ஆள்காட்டி விரல் மடங்காத ஒரு கயிற்றுக்காரர் எந்தக் காலத்திலாவது இருந்தாரா என்று விசாரிப்பீர்களா? சிலர் தலையாட்டினார்கள். சிலர், என்ன அக்கா, உயிரோடிருந்தால் அவருக்கு நூறு தாண்டியிருக்குமே என்று கிண்டல் செய்தார்கள். ஒரு கப்பல் திரும்பி வந்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். ஒன்றும் கேட்கமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தைப்பாள். பிறகு எழுந்து போய்விடுவார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், கப்பல் ஏதாவது வந்ததா என்றுதான் கேட்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கடைக் கதையைப் போல இன்னொரு கதையை அவருக்கே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இல்லை அப்பா என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா போன பிறகு அவள் யாரிடமும் கேட்பதில்லை. நாற்காலியில் வெட்டிய துணிகளை அடுக்கி வைக்கத் தொடங்கினாள். மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவள் போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அக்கா, நான் கப்பல் சமையல்காரன். பேன்ட் இடுப்பைப் பெரிசு பண்ணிக் குடுத்துட்டு, 'சமைக்கறதை எல்லாம் நீயே தின்னுடறியா'ன்னு கேட்டீங்களே, அவன்தான். நீங்க சொன்ன ஆளோட பழகின ஒரு பெரியவர் இங்க இருக்கார். உங்க தாத்தா இங்க படகுக்குப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு ஒண்டியாவே இருந்து செத்தாராம். கயித்தைத் தொடவே மாட்டாராம். ஆனா புதுசா கயிறு பிடிக்க வர்றவங்களை மட்டும் பாடாப் படுத்துவாராம். கீழேருந்து எத்தனை இழுப்பு வருதோ, அத்தனையும் நீ திருப்பி இழுத்துக் காட்டு, அவன் ஒரு இழுப்பு இழுத்து ஆமான்னு சொன்ன பிறகுதான் கையை அசைக்கணும்னு. இங்க இன்னிக்கும் அப்படித்தான் செய்யறாங்க. ஏன்னு கேட்டதுக்கு ஒரே ஒரு தடவை சொன்னாராம், 'எங்க அண்ணன் மூணு இழுத்திருப்பான். என் கைக்கு ரெண்டுதான் வந்துச்சு. நான் தளர்த்திட்டேன்'னு. அவ்வளவுதான் அக்கா, அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கல. அப்பாகிட்ட சொல்லிடுங்க."