முந்திக் கொடுத்த மனு

“அந்த ஜனங்களையே உனக்குப் புடிக்கலன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்டி. இன்னாத்துக்குப் போரு, கொள்கைன்னு சுத்திக்கினு இருக்கிற?”

நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் காலைப் பேருந்தில் என் தோழி இப்படிக் கேட்டாள். இருவரும் ஒரே தனியார் பள்ளியில் ஆசிரியைகள். நான் சமூக அறிவியல், அவள் கணக்கு. மூன்று வருடமாகப் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் அண்ணன் கொத்தனார். கட்டட வேலைக்கு, அவள் சொன்ன அந்த ஜனங்களின் நாட்டுக்குப் போயிருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். அந்த நாடு இப்போது போர் நடத்திக்கொண்டிருக்கிறது.

முந்தைய நாள் காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது என் முறை. எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் உணவு லாரிகளை அந்த நாட்டுப் படை தடுத்ததை வாசித்துவிட்டு, “குழந்தைகளைப் பட்டினி போடுகிற போரை எந்த நாடு நடத்தினாலும் தப்பு” என்றேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள்.

“அப்ப அந்த நாட்டு ஜனங்கல்லாம் கெட்டவங்களா மிஸ்?”

“இல்லம்மா. இத நிறுத்துன்னு அந்த நாட்டு ஜனங்களே ரோட்டுல நின்னு கத்திக்கினு இருக்காங்க.”

தோழி அப்போது வரிசைக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

பேருந்தில் அவளுக்குப் பொறுமையாகவே பதில் சொன்னேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து வீடுவீடாகச் சாவு விழுந்தபோது அரசாங்கத்தை நாம் திட்டாத திட்டா? அதனால் தமிழ்நாட்டையே வெறுத்துவிட்டோமா? அந்த நாட்டில் ராக்கெட் விழுந்த அன்று, டீக்கடையில் ஒருவர் “சாவட்டும் வுடு, அந்தக் கூட்டமே அப்படித்தான்” என்று சிரித்தார். அவரிடம் சண்டைக்குப் போனவள் நான். என் கையைப் பிடித்து இழுத்து வந்தவளே இவள்தான். அவர் பேசியது வெறுப்பு, நான் பேசியது வேறு என்றேன்.

“சரிங்க டீச்சரம்மா, பஸ்லயும் கிளாஸ் எடுக்காத. ஸ்டாப்பிங் வந்துடுச்சி” என்று சிரித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு மனுவை நீட்டினார். பொருள்: ஒரு நாட்டின் மீதும் அதன் மக்கள் மீதும் மாணவர்களிடையே வெறுப்பை விதைத்தல். எனக்குப் பழக்கமான கையெழுத்து. லாரி இருந்தது, பட்டினி இருந்தது. சிறுமியின் கேள்வியும் நான் சொன்ன பதிலும் மட்டும் இல்லை.

ஆசிரியர் அறையில் தோழியிடம் கேட்டேன்.

“எங்க அண்ணன் அங்க இருக்காருடி. நீ பேசனத எவனாச்சும் வீடியோ போட்டு, நீ அவரு தங்கச்சியோட ஃபிரண்டுன்னு தெரிஞ்சா அவரத் தொரத்திட மாட்டானா? நாமளே முந்திக்கினா நம்ம மேல வராதுன்னு அம்மா சொல்லிச்சி.”

எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறானாலும் குழாயடிச் சண்டையானாலும் ஸ்டேஷனுக்கு முதலில் ஓடுகிறவர்தான் வாதி. அடி வாங்கியவர் பிந்திப் போனால் அவர்தான் எதிரி. அந்தப் பழக்கத்தில் ஓடியிருக்கிறாள்.

“அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன பதில் உன் காதுல வுழலையா?”

“வுழலன்னு வெச்சிக்கோயேன்” என்று நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தாள்.

அவள் பயந்ததில் எனக்குக் கோபமில்லை. கேட்டதைக் கேட்காததுபோல் எழுதினாளே, அது இன்னும் ஆறவில்லை.

மறுபடி கூப்பிட்ட தலைமையாசிரியை, மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சே செய்து வைத்திருந்தார். அந்த நாட்டின் மீதுள்ள வெறுப்பால் அவ்வாறு பேசிவிட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும்.

“ஒரு கையெழுத்துதானம்மா. போட்டுட்டு கிளாசுக்குப் போ.”

அப்பா கரும்பு வெட்டுகிறவர். அம்மா நூறு நாள் வேலையில் இன்றும் கைநாட்டுத்தான் வைக்கிறார். எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். தலைமையாசிரியைக்கு அது ‘ஒரு கையெழுத்து’. எனக்கு அப்படி இல்லை. பொய்க்குக் கீழே அதைப் போட மாட்டேன் என்று தாளை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றோடு வேலை போனது.

தியாகதுருகத்தில் ஒரு பள்ளியில் ஆள் கேட்டிருந்தார்கள். பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்டபோது, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போன திங்கட்கிழமை அங்கே சேர்ந்துவிட்டேன்.