சோதனை டீச்சரின் அரிசி டின்

டீச்சர் வெற்றிலையைக் கன்னத்தின் ஓரம் ஒதுக்கிக்கொண்டு, சோக்குக்கட்டியால் பலகையைத் தட்டுகிறார். "தரவு என்னா?" பதினொரு குரல்கள் பதில் சொல்கின்றன. "நிறுவ வேண்டியது என்னா?" மறுபடியும் பதினொரு குரல்கள். யசோதினி எழுந்து வந்து, முக்கோணத்தின் இரண்டு கோணங்கள் சமம் என்று நிறுவத் தொடங்குகிறாள். மூன்றாவது வரியிலேயே சோக்குக்கட்டி குறுக்கே விழுகிறது.

"நடுவுல ஒரு வரிய முழுங்கிட்ட புள்ள."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர்."

"தெரிஞ்சதுன்னா எழுதுறதுக்கு என்னா கஷ்டம்? எழுது."

யசோதினி முகத்தைச் சுருக்கிக்கொண்டு எழுதுகிறாள். டீச்சர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறார்.

இலங்கையில், பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் வளைவிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டப் பிரிவு அது. வகுப்பு நடப்பது பழைய கொழுந்து மடுவம் என்னும் கொட்டகையில். ஒரு காலத்தில் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்த தராசின் கொக்கி இன்னும் கூரை மரத்தில் தொங்குகிறது. அதில் இப்போது டீச்சரின் குடை மாட்டியிருக்கிறது.

அவருடைய பெயர் ஸோதன்புயி. இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மிசோரத்தில், ஐஸ்வால் நகரத்துக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவர். வயது நாற்பத்திரண்டு. கணிதத்தில் பட்டம் பெற்றவர். ஊர்த் திருச்சபை அவரை மிஷனரியாக இங்கே அனுப்பி ஏழு வருடமாகிறது. அந்தப் பெயர் வாயில் நுழையாத பிள்ளைகள் முதல் வாரத்திலேயே 'சோதனை டீச்சர்' என்று வைத்துவிட்டார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, "சரியான பேருதான்" என்று சொல்லி அடுத்த நாளே ஒரு சோதனை வைத்தாராம்.

மிஷனரி என்ற சொல்லைக் கேட்டாலே, பதுளை நகரத்துப் பகுத்தறிவுக்காரனான எனக்கு முதுகு விறைத்துவிடும். பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டி அவன் நம்பிக்கையை விலை பேசும் வியாபாரத்தை எந்த மதம் நடத்தினாலும் நான் வெறுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் முதல் தடவையாக அந்த மடுவத்துக்கு ஏறிப் போனது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். பிடிபட்டது ஒருங்கமை சமன்பாடு. ஜெபம் ஒன்றும் நடக்கவில்லை. மேலே மூச்சு வாங்க நின்றவனை உள்ளே கூப்பிட்டு, பின்வரிசை வாங்கில் உட்காரவைத்து, "நீங்களும் போடுங்க" என்று ஒரு கணக்கைக் கொடுத்தார். எனக்கு வரவில்லை. யசோதினி அப்போது சின்னவள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அவருடைய தமிழுக்கு இரண்டு தாய்மார். ஒன்று, ஆறாந்தரக் கணிதப் பாடப்புத்தகம். மற்றது, லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் வெற்றிலைப் பேச்சு. அவருடைய ஊரிலும் பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையும் எல்லோர் வாயிலும் இருக்கும் என்பதால், வந்த அன்றே மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் நடுவே போய்க் கையை நீட்டியிருக்கிறார். அன்றைக்குக் கொடுத்தவள் ஜெயலெட்சுமி. இன்றைக்கும் வெற்றிலைக்கு அவள்தான் பங்காளி. இப்படிக் கற்ற தமிழில், "மழ வாற நிகழ்தகவு கூடுதல், சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்று சொல்வார். ஒருநாள் யசோதினி குறும்பாகக் கேட்டாள்: "கடவுள் இருக்காருன்னு நிறுவுங்க டீச்சர் பாப்போம்." நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பலகையில் வட்டம் வரைந்துகொண்டே சொன்னார்: "தரவு போதாது. நான் நம்புறேன். அது வேற பாடம். இப்ப இந்த வட்டத்தப் பாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் இறங்கி, பஸ் பிடித்து, பதுளையில் ஒரு சிறிய தேவாலயத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வருவார். பிள்ளைகள் எவரையும் கூட்டிப் போனதில்லை. ஊர்ச் சபை ஆண்டுதோறும் அனுப்பும் படிவத்தில், ஞானஸ்நானம் பெற்றவர் தொகை என்று ஒரு கட்டம் உண்டு. ஏழு வருடமாக அதில் ஒரு சிறு கோடு. "கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். "கோவிக்கிறாங்கதான். ஆனா எழுதுனா பொய்யாயிரும்ல" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அங்குள்ள பாடசாலையில் எட்டு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. வருபவர்கள் மலையைப் பார்த்துவிட்டு மாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தேறாத பிள்ளைக்கு மேலே படிப்பு இல்லை. அதற்குப் பிறகு இருக்கும் வழி, தாயின் கொழுந்துக் கூடை, அல்லது கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பறிக்கும் தேயிலையை உலகம் முழுவதும் குடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க இந்த நாடு ஒருவரைத் தேடித்தரவில்லை. கடல் தாண்டி ஒரு பெண் தன் கடவுளின் செலவில் வரவேண்டியிருந்தது. என்னைப் போன்ற பகுத்தறிவு பேசுகிறவர்கள் பதுளை நகரத்தில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அவர் வந்த செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். மிசோரத்து வீடுகளில் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனி டின்னில் போடுவார்கள். அது சபைக்கு. அந்தப் பிடிகளெல்லாம் சேர்ந்துதான் மிஷனரிமாரை அனுப்புகின்றன. ஸோதன்புயியின் தாய் கொடுத்துவிட்ட டின், லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் அவருடைய அடுப்படியில் இருக்கிறது. நீல நிறத் தகர டின். மேலே அவர்களுடைய மொழியில் வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். தனியாளுக்கு உலை வைத்தாலும் ஒரு பிடி அதற்குள் போகும்.

இந்த லயங்களிலும் அதே வழக்கம் உண்டு என்று தெரிந்தபோது அவர் கைதட்டிச் சிரித்தாராம். மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய மூன்று மாதமும், வீட்டுக்கு வீடு உலைக்கு முன் ஒரு பிடி அம்மன் பேரில் ஒதுங்கும். திருவிழாவன்று அந்த அரிசியில் கோயில் அண்டாவில் கஞ்சி. இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. காலையில் ஒரு ரொட்டியோடு பாடசாலைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள் பின்னேர வகுப்பில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "ஆளுக்கொரு பிடி கொண்டாங்க, கஞ்சி காச்சலாம்" என்றார். தன் டின்னை மடுவத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். டின் நிறைந்தது. கஞ்சி கொதித்தது. காய்ச்சியவள் ஜெயலெட்சுமி.

இவ்வருடம் திருவிழா வந்தபோது கோயில் அரிசிச் சாக்கு பாதிதான் நிறைந்திருந்தது. கோயில் தலைவர் அழகையா விசாரித்தார். பல வீடுகளில் இரண்டு பிடி ஒதுக்க வசதியில்லை. அம்மன் பேரில் வைத்த பிடியே பிள்ளைகளின் கையில் மடுவத்து டின்னுக்குப் போயிருந்தது. அம்மன் அரிசி கிறிஸ்தவ வேதக்காரர் டின்னில்! எட்டு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை என்று ஒரு கடுதாசி எழுதாத பிரிவிலிருந்து, மூன்றே நாளில் நாற்பத்திரண்டு கையெழுத்தோடு குடிவரவுத் திணைக்களத்துக்கு மனுப் போனது: மதம் மாற்றுகிறார், விசாவை நீடிக்கக் கூடாது. விசா முடிய ஆறு வாரம் இருந்தது. பதினொரு பிள்ளைகளின் பரீட்சைக்கு ஐந்து மாதம்.

விசாரணைக்கு நளீரா என்ற அதிகாரி வந்தார். பண்டாரவளைக்காரர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மடுவத்துக்குள் வந்து உட்கார்ந்தவர், முதலில் தண்ணீர் கேட்டார். லயமே திரண்டிருந்தது. நானும் போயிருந்தேன். மேசையில் அந்த நீல டின்.

விசாரணைக்கு உள்ளே போகுமுன், ஜெயலெட்சுமி டீச்சரின் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது. "என்னா எழுதியிருக்குன்னு கேட்டா அரிசி டின்னுன்னு சொல்லிருங்க டீச்சர். இங்க எவனுக்கு உங்க பாஷ தெரியும்?"

உண்மையில் எவருக்கும் தெரியாது. அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடமாட்டாரா என்று நானும்தான் ஏங்கினேன்.

நளீரா டின்னைத் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஆண்டவருக்குன்னு எழுதியிருக்குங்க."

அழகையா எழுந்தே விட்டார். "கேட்டீங்களா நோனா? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!"

"கொஞ்சம் இருங்க தலைவர்" என்றார் நளீரா. "டீச்சர், அப்ப இந்த அரிசி சேர்ச்சுக்குத்தான் எடுத்தீங்களா?"

"எங்க ஊர்ல இந்த டின்னு அரிசி சேர்ச்சுக்கு. அந்த அரிசியிலதான் நான் இங்க வந்தேன். இங்க எடுத்தது புள்ளைகளுக்குக் கஞ்சிக்கு."

"அது அம்மன் அரிசின்னு தெரியுமா?"

"தெரியாதுங்க." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. "ஆனா நான் கேக்கவும் இல்ல. கேட்டிருக்கணும். அது என் பிழ."

எந்த வரியையும் விழுங்காத ஒருவருக்கு இந்த உலகத்தில் நேர்வது இதுதான். நளீரா பேனாவை எடுத்தார். அப்போது பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள். கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்திருந்தவள். ஜெயலெட்சுமி. அழகையாவின் மனைவி.

"அம்மன் பிடிய எடுத்து அந்த டின்னுல மொதல்ல போட்டது நாந்தாங்க."

"அடியே, ஒக்காரு!" என்றார் அழகையா.

"ஏன் ஒக்காரணும்? டீச்சருக்குத் தெரியாம நாந்தான் போட்டேன். என்னயப் பாத்துட்டு மத்தவளுகளும் போட்டாளுக. கஞ்சி காச்சுனதும் நாந்தான். கோயில் அண்டாவுலதான் காச்சுனேன்."

"கோயில் அண்டாவுலயா?"

"ஆமா. கோயில் சாவி ஒங்க மடியிலதானே இருக்கு, எப்புடி எடுத்தேன்னு கேளுங்க பாப்போம்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அழகையா தன்னையறியாமல் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜெயலெட்சுமி அதிகாரியைப் பார்த்தே பேசினாள். "அம்மன் கோயில்லதாங்க இருக்கா. ஒரு வருசம் கஞ்சி கொறஞ்சா எங்கயும் போயிற மாட்டா. இந்தப் புள்ளைக வகுப்புல மயங்கி விழுந்துச்சுக. சாமி குத்தம்னா எனக்கு வரட்டும். இவங்கள அனுப்புனா இதுகளுக்குக் கணக்கு யாரு சொல்லித்தாறது? நீங்க வருவீங்களா, இந்தா இருக்காரே கோயில் தலைவரு, இவரு வருவாரா?"

நளீராவின் பார்வை பலகைக்குப் போனது. அதில் முந்திய நாள் நிறுவல் அழியாமல் இருந்தது. "எனக்கும் கணக்கு சரிவராது ராத்தா" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். பிறகு பிள்ளைகளிடம், டீச்சர் ஜெபம் சொல்லித்தந்தாரா, பைபிள் தந்தாரா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இல்லை, இல்லை என்றார்கள். யசோதினி மட்டும், "சோதனதான் தருவாங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து விசா ஒரு வருடத்துக்கு நீடித்து வந்தது.

அழகையா தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடிதம் வந்த பின்னேரம், குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, ஒரு தட்டோடு மடுவத்துக்கு ஏறி வந்தார். "கஞ்சி காச்சுங்க, வேணாங்கல. ஆனா அம்மன் அரிசி இதுல இருக்குற வரைக்கும் அம்மன் பேரும் இதுல இருக்கணும்" என்றார். டீச்சர் டின்னை அவர் முன்னால் நகர்த்தினார். "வைங்க தலைவர்." வெள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சளைத் தடவி, நடுவே ஒரு ரூபாய்க் காசளவு குங்குமப் பொட்டு வைத்தார் அழகையா. பிறகு, கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

என்னைக் கேட்டிருந்தால், எழுத்தையும் பொட்டையும் சேர்த்தே சுரண்டி எறிந்துவிட்டு, பிள்ளைகளுக்கு என்று எழுதச் சொல்லியிருப்பேன். என்னை எவரும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை நான் ஏறிப் போனபோது, ஸோதன்புயி பீலியடியில் குந்தியிருந்தார். மலையிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீரில் நீல டின்னைக் கழுவிக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை. தேங்காய்த் தும்பில் சாம்பலைத் தொட்டு மூடியைத் தேய்த்தார், அடியைத் தேய்த்தார், விளிம்பில் ஏறியிருந்த துருவை நகத்தால் கிளறினார். தாய் எழுதிய வெள்ளை எழுத்தின் மேலும் தும்பு அழுத்தமாகப் போய் வந்தது. குங்குமத்துக்குக் கிட்ட வந்ததும் தும்பைக் கீழே வைத்தார். டின்னைச் சாய்த்து, பொட்டின் மேல் தண்ணீர் படாதபடி இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒற்றை விரலால் மெல்லத் துடைத்தார்.