குட்டிக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை

குதிரை வளர்ப்பைப் பற்றி என்னிடம் மூன்று புத்தகங்கள் இருந்தன. குதிரைதான் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஜீப் பிடித்து வெள்ளிமலைக்குப் போய், மூட்டை சுமந்துகொண்டிருந்த ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி வந்தேன். மணலூர்பேட்டைப் பக்கம் எல்லோரும் கரும்பு நட, நான் மட்டும் குதிரைக்குட்டி விற்று முன்னேறுவதாகத் திட்டம்.

கள்ளக்குறிச்சியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பாய் ஒருவர் இருந்தார். பெட்டை பருவத்துக்கு வந்ததும் அவருடைய ஆண் குதிரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு பதினொரு மாதம் புத்தகம் படித்தேன். பெட்டையைப் பார்த்துக்கொண்டது என் கழனிக்குக் கூலி வேலைக்கு வந்த ஓர் அம்மா. இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது ‘வா, போ’தான், என்னைவிட மூத்தவர் என்றாலும்.

ஊரில் எந்த மாடு கன்று போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கன்று குறுக்கே நின்றால் கையை விட்டுத் திருப்பிவிடுவார். கைராசிக்காரி என்று பெயர். நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் அந்தப் பெயர்தான் அவர் வீட்டில் உலை வைத்தது.

எங்கள் குட்டி பிறந்தபோது நான் புத்தகத்தில் உரிய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்து வெளியே வந்தபோது குட்டி எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. “படிச்சிட்டீங்களா?” என்றார் அந்த அம்மா, கையைக் கழுவிக்கொண்டே.

ஒரு மாதத்துக் குட்டி என்பது நாலு குச்சிக் கால்களில் நிற்கும் செல்லம். நான் என் தோளை இரண்டு முறை தட்டுவேன். அது முன்னங்கால்களைத் தூக்கி என் தோளில் வைக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் கொடுப்பேன். வந்த விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்னால் இந்த வித்தை.

“இன்னாங்க இது, இப்ப ஆட்டுக்குட்டி மாரி கீது. நாளைக்கு வளந்து இதே மாரி ஏறுனா யாரு தாங்கறது?” என்றார் அவர்.

“குதிரைக்கு ஞாபக சக்தி ஜாஸ்திம்மா. எல்லாம் தெரியும்” என்றேன். ஞாபக சக்தியைப் பற்றிச் சொன்னது சரிதான்.

ஆறாம் மாதம் தாயிடமிருந்து பிரித்தோம். மூன்று நாள் இரண்டும் மாறி மாறிக் கத்தின. “அதுங்க கத்தறத விட நீங்க மூக்கு சிந்தறதுதான் ஜாஸ்தி” என்றாள் என் மனைவி. ஒரு வயதில் ஒருநாள் குட்டி என் தோளில் ஏறியபோது, பத்து நாள் எண்ணெய் தடவும்படி ஆயிற்று. யாரிடமும் சொல்லாமல் வித்தையை நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன்; குட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வயது நெருங்கியபோது அந்த அம்மா கரும்புத் தோகைக் கட்டைச் சுமந்து வந்து அதன்முன் போட்டார். கரும்புச் சுணை தோளில் அரித்திருக்கிறது. படபடவென்று தட்டிவிட்டுக்கொண்டார்.

நான் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குதிரை எழும்பியதைப் பார்த்தேன். ஏன் எழும்பியது என்பது அவர் கீழே விழும் முன்பே எனக்குத் தெரியும். காறை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கையைத் துணியில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு அவர் டீக்கடைப் பக்கம் வந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள்.

“இவருதாங்க கத்துக்குடுத்தாரு. தோள தட்னா ஏறும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமா, அடுத்த வாரத்திலேர்ந்து கரகாட்டம் கத்துக்கொடுக்கலாம்னு இருந்தேன்” என்றேன்.

கடையே சிரித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எடுபட்ட நகைச்சுவை வேறில்லை. வித்தையைப் பார்த்திருந்த விருந்தாளிகள் அனைவரும் வெளியூர். “குதிரைகிட்ட பொறத்தால போனா சும்மா வுடுமா?” என்றார் ஒருவர். நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தத் தலையாட்டல் வசதியாக இருந்தது.

எலும்பு கூடியது. பெயர் கூடவில்லை. வாயில்லாத ஜீவனே அடித்துவிட்டதென்றால் அவளுக்குக் கைராசி போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அந்த வருஷம் மாடு கன்று போடும்போது ஒரு வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்கு அவரே வருவதில்லை. கண்ட கழனியில் களை பறித்தார். நான் எதிரே வந்தால் வரப்பு மாறிப் போனார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

குதிரையை விலை பேச பாய் வந்தார். வேடிக்கை பார்க்க டீக்கடை ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கழனியில் அந்த அம்மா களை பறித்துக்கொண்டிருந்தார். பாய் பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். திருப்தி. துண்டை உதறித் தோளில் போட்டு, இரண்டு தட்டு தட்டிக்கொண்டார்.

குதிரை எழும்பியது.

பழகிய ஆள், பாய் ஒதுங்கித் தப்பித்தார். துண்டுதான் காலடியில் கிடந்தது. “யாருப்பா இந்த வேலய பண்ணது? இது முரடு இல்ல, பழக்கனது” என்று கத்தினார். “நாளைக்கு மாப்ள தோள்ல எவனாவது தட்டுனா இன்னா ஆவறது?”

குதிரை நேராக என்னிடம் நடந்து வந்து, என் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு வெல்லம் தேடியது.

அந்த அம்மா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “கரகாட்டம் ஆடுதுங்க, நல்லா பாருங்க” என்றார். மறுபடி குனிந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. “நான்தான் கத்துக்கொடுத்தேன்” என்றேன். தெரிந்துபோன பிறகு உண்மை சொல்வது மிகவும் சுலபம். அரிச்சந்திரன் அளவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட சொல்லலாம். நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

பாய் வாங்கவில்லை. குதிரை என்னிடமே தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் தோளைத் தட்டுவதில்லை. அடுத்த மாதம் ஒரு வீட்டில் கன்று தலை திரும்பாமல் நின்றபோது அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். கடைசியில் நானும் போனேன். பெட்டை மறுபடி சினையாக இருந்தது.

வாசலில் நின்று, ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். பாதியில் கையமர்த்தினார்.

“வூட்டுக்கு வரேன். ஆனா குட்டி போட்டா நீங்க உள்ள வரக்கூடாது.”

“எத்தனை நாளைக்கு?”

“அது கெழடாவற வரைக்கும்.”

குட்டி பிறந்தது, நெற்றியில் வெள்ளையோடு. நான் வேலிக்கு வெளியே நின்றேன். மூன்றாம் வாரம் அது தானாகவே வேலியோரம் வந்து என்னை முகர்ந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“கையக் கட்டிக்கினா போதாதுங்க” என்றார் அந்த அம்மா, பெட்டைக்குக் கொள்ளு வைத்தபடி, திரும்பாமலே. “பையில கீற வெல்லத்த எடுத்து வெளிய போடுங்க.”

போட்டேன்.