குளிக்கவில்லை, ஊற்றிக்கொண்டேன்

போன வாரம் ஒரு பதவி உயர்வு விண்ணப்பத்துக்காக, இதுவரை வெளியான என் ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் வரிசையாக எழுதித் தரச் சொன்னார்கள். எந்த இதழ், எத்தனை பேர் சேர்ந்து எழுதியது, அதில் உன் பெயர் எத்தனையாவது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. பெரும்பாலானவற்றில் என் பெயர் நடுவில் எங்கேயோ இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் மாதிரி. ஒன்றே ஒன்றில்தான் நான் முதல் ஆள். இரண்டு பக்கக் கட்டுரை, சின்ன இதழ், இன்றுவரை ஒருத்தரும் அதை மேற்கோள் காட்டவில்லை. அதை எழுதும்போது மட்டும் கை தயங்கியது. அந்தக் கட்டுரைக்கு உண்மையில் முதல் பெயராக இருக்க வேண்டியவர் வேறொருவர்.

நான் செய்வது ஆண்களுக்கான கருத்தடை மருந்து ஆராய்ச்சி. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அம்மா, கேட்பவர்களிடம் எல்லாம் "சுகர் ஆராய்ச்சி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். என் பெரியம்மா ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள்: "ஆம்பளைக்கு குடும்பக் கட்டுப்பாடா? ஏண்டி, இவ்ளோ படிச்சிட்டு உனக்கு வேற வேலையே கெடைக்கலையா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். அந்தக் கோபம் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

வேங்கிக்காலில் ஒரு புது வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் மையம் நடந்தது. மருந்து ஒரு களிம்பு. காலையில் இரண்டு தோளிலும் தடவிக்கொள்ள வேண்டும். அதில் உள்ள ஹார்மோன் தோல் வழியாக ரத்தத்தில் சேரும். 'உடம்பில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது' என்று மூளை நினைத்துக்கொண்டு, விந்தணு உற்பத்திக்கு ஆணை கொடுப்பதை நிறுத்திவிடும். சில மாதங்களில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகு, தம்பதி வேறு எந்தத் தடுப்பும் இல்லாமல் களிம்பை மட்டும் நம்பி இருக்கலாம். குறித்த மாதத்துக்குள் குறையவில்லை என்றால் ஆய்விலிருந்து விலக்கிவிடுவோம். விதி அவ்வளவுதான்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒரு தம்பதி. கணவர் ஆசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் ஒரு கஃபேயில் சமையல்காரர். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காரம் கம்மியாகச் சமைத்துச் சமைத்து வீட்டுக் குழம்பிலும் காரம் போய்விட்டது என்று மனைவி கிண்டல் செய்வார். மனைவி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதுபவர். பட்டா, முதியோர் ஓய்வூதியம், சாதிச் சான்றிதழ், எதுவானாலும் நின்றபடியே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவார். இரண்டு குழந்தைகள். பெரியவன் பள்ளியில், சின்னவள் எல்கேஜி.

கணவரை இழுத்துக்கொண்டு வந்ததே மனைவிதான். காப்பர் டி வைத்து மாதக்கணக்கில் உதிரப்போக்கு. அதை எடுத்துவிட்டு மாத்திரை போட்டால் வாந்தியும் ஒற்றைத் தலைவலியும். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்லி மாமியார் வீட்டில் நச்சரிப்பு. முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "எல்லாத்தையும் என் ஒடம்பே பாத்துடுச்சி மேடம். இனிமே என்னால ஆவாது. ஒரு வாட்டி அவரு ஒடம்பு பாக்கட்டுமே." கணவர் பக்கத்தில் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூச்சம், ஆனால் மறுக்கவில்லை. சாம்பிள் டப்பாவை மஞ்சப்பையில் சுற்றி, ஏதோ பிரசாதம் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுப்பார்.

மாதங்கள் போயின. மற்றவர்களில் பலருக்கு எண்ணிக்கை இறங்கியது. இவருக்கு இறங்கவே இல்லை. கடைசி கெடுவுக்கு முந்தைய சோதனையில் ரத்தத்தையும் பார்த்தோம். மருந்து தடவுகிறவருக்கு இருக்க வேண்டிய அளவு அதில் இல்லை. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. ஆள் தடவுவதே இல்லை, வெறுமனே படிவத்தில் டிக் போட்டுக்கொண்டு வருகிறார்.

இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"தெனமும் தடவறீங்களா?"

"தடவறேன் மேடம்."

"தடவிட்டு மதியத்துக்குள்ள குளிக்கிறீங்களா?"

"இல்ல மேடம். குளிக்கிறதே இல்ல."

"ரத்தத்துல மருந்தே இல்லையே. ஏங்க இப்படி பொய் சொல்றீங்க? உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா மொதல்லயே சொல்லி இருக்கலாம் இல்ல? இவங்க உங்கள நம்பிக்கினு இருக்காங்க."

கணவர் முகம் கறுத்துப்போய் எழுந்து நின்றார். மனைவிதான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

"மேடம், வார்த்தைய பாத்து பேசுங்க. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. தெனமும் நான் கண்ணால பாக்கறேன். எழுந்ததும் தடவிக்கிறாரு, ஃபேனுக்கு கீழ நின்னு காய வெச்சிக்கிறாரு. பாப்பாவ தோள்ல தூக்கிக்கினு வேன் வரிக்கும் போவணும். கொழந்த மேல படக் கூடாதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? அதுக்குதான் ரெண்டு சொம்பு ஊத்திக்கினு, சட்ட போட்டுக்கினு தூக்கறாரு."

"ஊத்திக்கினா? இப்பதான குளிக்கலன்னு சொன்னாரு?"

அப்போதுதான் கணவர் வாயைத் திறந்தார். "குளிக்கல மேடம். ஒடம்புக்குத்தான் ஊத்திக்கினேன்."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. எங்கள் பக்கத்தில் குளிப்பது என்றால் தலைக்குக் குளிப்பது. கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் விட்டால் அது குளியல் இல்லை, உடம்புக்கு ஊற்றிக்கொள்வது. கீழ்பென்னாத்தூருக்குப் போனால் இன்றைக்கும் என் அம்மா, "குளிக்கிறியா, ஒடம்புக்கு ஊத்திக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் வெந்நீர் வைப்பாள். ஆங்கிலத்தில் வந்த அறிவுரையைத் தமிழில் எழுதியவள் நான். 'களிம்பு தடவிய பின் மதியம் வரை குளிக்கக் கூடாது' என்று பாடப் புத்தகத் தமிழில் எழுதி, சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்த மனிதர் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறார். குழந்தை மேல் படக் கூடாது என்ற இன்னொரு வரியையும் கடைப்பிடித்திருக்கிறார். இரண்டையும் மீறாமல் இருந்ததால்தான், தினம் காலையில் தோளிலிருந்து அத்தனை மருந்தும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது.

எழுந்து மேஜையைச் சுற்றி அவர்கள் பக்கம் போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை. "தப்பு என்னுதுங்க. எழுதுனது நான். உங்கள பொய் சொல்றீங்கன்னு வேற சொல்லிட்டேன்" என்றேன். அவர் பதறிப்போய், "பரவால்ல மேடம், பரவால்ல" என்று நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மனைவிக்கு அதெல்லாம் போதவில்லை. "அது இருக்கட்டும். இப்ப எங்கள ஆய்வுல இருந்து எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார். அதுதான் கேள்வி. எடுத்துவிட்டால் மறுபடியும் அவர் உடம்புதான், அல்லது கத்திதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கே தலைமை மையத்துக்கு எழுதினேன். பங்கேற்பாளர் விதியை மீறவில்லை, விதியைத் தவறாக எழுதியது நான் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினேன். போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உன் ஊர்த் தமிழே உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைசியில், நெறிமுறைக் குழுவிடம் கேட்டு, அவருக்குச் சில மாதங்கள் கெடுவை நீட்டித்தார்கள்.

மறுநாள் மதியம் அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவோடு மாடி ஏறி வந்தார். "அந்த பேப்பர குடுங்க மேடம். தெனமும் எத்தினி பேருக்கு மனு எழுதறேன், எனக்கு தெரியாதா ஜனங்களுக்கு எப்பிடி எழுதணும்னு?" என்று வாங்கி, என் வரியை ஒரே கோடாக அடித்தார். கீழே எழுதினார்: 'மருந்து போட்ட தோள் மேல் மதியம் வரை தண்ணீரே படக் கூடாது. தலைக்கும் ஊற்றிக்கொள்ளக் கூடாது, உடம்புக்கும் ஊற்றிக்கொள்ளக் கூடாது. ஈரத் துண்டால் துடைக்கவும் கூடாது. குழந்தையைத் தூக்குவதாக இருந்தால் சட்டை போட்டுக்கொண்டு தூக்கவும்.' ஈரத் துண்டு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. பிறகு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே மீதிப் படிவம் முழுவதையும் திருத்திக் கொடுத்தார். குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. புதிய தாளைப் படித்துவிட்டு, "நானும் ஊத்திக்கினுதான் இருந்தேன் மேடம்" என்று இன்னும் சிலர் அசடு வழிய வந்து நின்றார்கள். அந்த அம்மாள் இல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்றல்லவா நான் எழுதியிருப்பேன்?

அந்த இரண்டு பக்கக் கட்டுரை இதைப் பற்றியதுதான். அவர் பெயரைப் போட வேண்டும் என்று சண்டை பிடித்தேன். ஆய்வில் பங்கேற்பவர்கள் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பது விதி, அது சரியான விதியும்கூட. ஆகவே 'ஒரு பங்கேற்பாளரின் மனைவிக்கு நன்றி' என்று கடைசியில் ஒரு வரி வந்தது. படித்துக் காட்டினேன். "போதும் மேடம். என் பேரு வந்தா எங்க மாமியார் படிச்சிடப் போறாங்க" என்று சிரித்தார்.

கணவருக்கும் எண்ணிக்கை இறங்கியது. நீட்டித்த கெடு முடிய இருந்த நேரத்தில் சாம்பிளை நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். தேடித் தேடிப் பார்த்தேன், காலி. ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்து, "இறங்கிடுச்சிங்க" என்றேன். பின்னால் யாரோ பட்டா மனுவுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். "இருங்கய்யா" என்று அவர்களை அதட்டிவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம்" என்றார். நானும் இன்னொரு முறை சொன்னேன்.

அதன் பிறகு களிம்பை மட்டும் நம்பி இருந்த மாதங்கள் முழுக்க, "நாள் தள்ளிப் போகலையே?" என்று தவறாமல் போன் செய்து கேட்டது நான்தான். ஒன்றும் ஆகவில்லை. அவர் உடம்பு தேறி, முகத்தில் ரத்தம் ஊறி, தலைவலி இல்லாமல் கடைக்குப் போய் வந்தார். பிறகு ஆய்வு முடிந்தது. களிம்பை நிறுத்திவிட்டு, விந்தணு பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது.

அந்தக் கட்டத்தின் கடைசி நாள் எனக்கு மறக்காது. மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. இத்தனை கட்டுரை எழுதியவள், அந்த இருவருக்கும் இனிமேல் கொடுக்க ஒரு டியூப்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் மட்டும் தனியாக வந்திருந்தார். சாம்பிளைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"மேடம், இதுதான கடைசி? இதுக்கப்பறம் ஒண்ணும் குடுக்க வேணாம் இல்ல?"

"இல்லைங்க. முடிஞ்சிது. ஆனா இதுக்கு மேல உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான் கஷ்டமா இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கினேன் மேடம்" என்றார். "ஜிஎச்ல ஆம்பளைங்களுக்கு பண்ற ஆபரேஷனுக்கு பேசிட்டேன். கால் மணி நேரம்தானாம். அவளும் சரின்னுட்டா. மூணு மாசம் முன்னாடியே பண்ணிக்கினு இருப்பேன். நடுவுல பண்ணிக்கினா உங்க கணக்கு கெட்டுப்போயிடும் இல்ல? அதுக்குதான் காத்துக்கினு இருந்தேன். நாளைக்கு போறேன்."

நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சத்தோடு தானும் கும்பிட்டுவிட்டு, சமையலுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார்.