எவர்ட் வீட்டு முதல் அயலார்

ஐசல் ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்க வேண்டியவர் முதல் அயலார். கூடப்பிறந்த தம்பிக்கே இரண்டாம் இடம்தான். இதைப் பார்த்தே வளர்ந்தவள் ஹெர்மீன். படித்து நிலவடிவமைப்பாளர் ஆனதும் அதை எங்கே தொலைத்தாளோ!

ஆற்றுக்கு அதன் பழைய வெள்ளச் சமவெளியைத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. அதற்கு வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் யாராவது ஒருவருடைய பண்ணை தண்ணீருக்குப் போகும். அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போட அவளுக்கு மனம் வரவில்லை. ஊர்க்கூடத்து மேசையில் ஆற்றையும் பண்ணைகளையும் களிமண்ணால் செய்து வைத்தாள்.

"புதுக் கரை எங்க வரணும்னு நீங்களே வைங்க."

ஊராரே முடிவெடுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நம்பினாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் செய்கிற கேடு இருக்கிறதே, அதைக் கேட்க ஆளில்லை.

காப்பி ஆறிப்போனது. ஒருவரும் களிமண்ணைத் தொடவில்லை.

"வோல்ட்டர் மாமா, நீங்க ஆரம்பிங்க" என்று கரைக்கான களிமண் உருளையை அவர் கையில் திணித்தாள்.

வோல்ட்டரும் எவர்ட்டும் வேலியடுத்த பண்ணைக்காரர்கள். ஒருவருக்கொருவர் முதல் அயலார். வோல்ட்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, உருளையை இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே அழுத்தினார். எவர்ட்டின் பண்ணை ஆற்றுப் பக்கம் விழுந்தது.

"அடப்பாவி, என் மாடுங்க நீச்சல் கத்துக்கணுமாடா?"

எவர்ட் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கூடமே சிரித்தது. பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த இடமே சரி என்றார்கள். 'மக்களே வடிவமைத்த கரை' என்று ஹெர்மீனுக்குப் பாராட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து எவர்ட் வோல்ட்டரின் முகத்தில் விழிக்கவில்லை.

பண்ணையைக் காலி செய்வதற்குள் எவர்ட்டின் மனைவி யன்னா இறந்துபோனாள். எவர்ட் நேராக ஹெர்மீன் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு நீ வந்து தூக்கணும்."

"மாமா, அது வோல்ட்டர் மாமாவோட இடம். நீங்க கூப்பிடுவீங்கன்னு அவர் காத்துக்கிட்டு இருப்பாரு."

"இருக்கட்டும். அவன் கையில களிமண்ணத் திணிச்சது யாரு? நீதானே. நீயே வந்து புடி."

ஹெர்மீனுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

மறுநாள் பெட்டி வோல்ட்டரின் வாசலைக் கடந்தது. கறுப்புக் கோட்டும் துடைத்த காலணியுமாக, தூக்குவதற்குத் தயாராக அவர் நின்றிருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். தலைமாட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு ஹெர்மீன் அவரைக் கடந்து நடந்தாள்.