நூற்று இருபது சென்டிமீட்டர்

20 அக்டோபர் 2010 — 31.0 செ.மீ.
20 அக்டோபர் 2011 — 37.5
20 அக்டோபர் 2013 — 54.2
20 அக்டோபர் 2016 — 82.6
20 அக்டோபர் 2019 — 110.8
20 அக்டோபர் 2020 — 119.5
20 அக்டோபர் 2021 — 128.3
பதினோரு ஆண்டுகளில் மொத்த வளர்ச்சி — 97.3
அனுமதிக்கப்பட்ட உயரம் — 120.0
மிகை — 8.3

இந்தப் பக்கத்தை எழுதியவர் எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. தெருவில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ‘சென்டிமீட்டர்’ என்று வைத்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

கறாரான மனிதர். திருமணமான மூன்றாம் மாதம், மாமனாரின் மளிகைக் கடையில் ஒரு படிக்கல் இரண்டு கிராம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்து அபராதச் சீட்டு எழுதினார். எழுதி முடித்ததும், மாமனார் வரவழைத்து வைத்திருந்த காபியையும் குடித்தார். காபி ஆறிப் போயிருந்தது என்பது தவிர அந்த நாளைப் பற்றி அவருக்கு எந்தக் குறையும் இல்லை. மனைவிக்கு இருந்தது. ஆனால் அந்த அம்மாள் குறைகளை நோட்டில் எழுதி வைக்கிறவர் அல்ல, மனசில் வைத்துக்கொள்கிறவர்.

ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லாமல் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தார். அந்த ஆறு மாதத்தில் தங்கள் வீட்டுக் கதவுகளில் இரண்டு நேர்கோணத்தில் இல்லை என்று வீட்டாருக்குத் தெரிய வந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் மனைவியே பதினான்கு வீட்டுக்காரர்களிடமும் பேசி, அவரைத் தெருச் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார். அந்த உபகாரத்தின் பலனை முதலில் அனுபவித்ததும் அந்த அம்மாள்தான்.

செயலாளர் ஆனதும் அவர் விதிகள் எழுதினார். மொத்தம் பதினொன்று. விதி 4: வீட்டு முன்புறம் தெருவோரமாக உள்ள எந்தச் செடியும் தரையிலிருந்து 120 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. முனையில் வண்டி திருப்புகிறவர்களுக்குப் பார்வை மறைக்கும். விதி 7: செயலாளர் சங்கத்தின் நாடாவால் அளப்பார், அந்த அளவே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. விதி 8: முடிவு தபாலில் அனுப்பப்படும். நாடாவையும் அவரே வாங்கினார். மூன்று மீட்டர், எஃகு. துறையின் மாதிரி அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியது.

விதி 4-க்கு முதலில் அகப்பட்டது எதிர்வீட்டுத் தையற்காரம்மாவின் மஞ்சள் பூச்செடி. 124 செ.மீ. தையற்காரம்மாவும் அவர் மனைவியும் பதினேழு ஆண்டுகளாக மாலையில் சேர்ந்தே நடக்கப் போகிறவர்கள். ஒருத்தி வீட்டு ஊறுகாய் ஒருத்தி வீட்டில்தான் தீரும். இதெல்லாம் விதியில் இல்லாதபடியால் நோட்டீஸ் தபாலில் போனது: மிகை 4.0 செ.மீ., முப்பது நாளுக்குள் குறைக்கவும்.

தையற்காரம்மா முப்பது நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை செடியை வேரோடு பெயர்த்து, மண் உதிர உதிரத் தெருவைக் கடந்து தூக்கி வந்து, அவர் வீட்டு வாசற்கதவில் சாய்த்து வைத்தார்.

“நாலு சென்டிமீட்டரை மட்டும் எப்படி இன்ஸ்பெக்டர் சார் தனியாக் கொடுக்கறது? முழுசா எடுத்துக்குங்க.”

அன்றோடு மாலை நடை நின்றது. தையற்காரம்மா ஐந்து மணிக்குக் கிழக்கே நடந்தார். மனைவி ஆறு மணிக்கு மேற்கே நடந்தார். பிறகு மனைவி நடப்பதையே விட்டுவிட்டார்.

வாசல் வெறிச்சென்று இருந்தால் பேச்சு வரும் என்று நினைத்தாரோ என்னவோ, அக்டோபரில் அவர் நர்சரிக்குப் போனார். அங்கே பூச்செடிகளையெல்லாம் தாண்டி, ஒரு கறுப்புத் தொட்டியில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ஊசியிலைச் செடியின் முன் நின்றார். அடர்ந்த கரும்பச்சைக் கூம்பு. கழுத்தில் ஒரு சீட்டு: ‘அரைக்குட்டை ரகம். வருடம் முழுதும் பசுமை. பத்து ஆண்டுகளில் உயரம் 120 செ.மீ., அகலம் 90 செ.மீ.’ தன் வளர்ச்சியை எண்ணில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் செடியை அவர் அதுவரை கண்டதில்லை. அதுவும் சரியாக நூற்று இருபது! விதி 4-ஐப் படித்துவிட்டு வந்த செடி மாதிரி இருந்தது.

நட்ட விதத்திலும் குறை சொல்ல முடியாது. குழி, வேர்க்கட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம். தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்த வேர்களை விரலால் பிரித்துவிட்டார். தண்டின் கழுத்து மண்ணுக்கு மேல் நிற்கிறதா என்று குச்சியைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். அகலம் 90 என்பதால் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் சரியாக 45 செ.மீ. தள்ளி நட்டார். சுற்றிலும் மரப்பட்டைத் தூள் பரப்பி, முன்னால் கூழாங்கல் வரிசை போட்டார். பெரிதாக வளர்கிறதை வைத்துவிட்டு அப்புறம் வெட்டி அழுவது அறியாமை என்று தெருவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

நட்டது அவர் என்றாலும் வளர்த்தது மனைவி. முதல் இரண்டு கோடையும் வேர் ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கும்படி அந்த அம்மாள் பொறுமையாக நின்று ஊற்றினார். உள்ளே பழுத்த ஊசிகளை விரல் விட்டு உதிர்த்தார். மாலை ஆறு மணிக்கு நாற்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஏதோ பேசுகிற சத்தமும் கேட்கும். செடி பதில் சொல்லாது, ஆனால் கோபித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தும் போகாது.

அவர் ஆண்டுக்கு ஒருமுறை, நட்ட தேதியில், காலை ஏழு மணிக்கு அளந்தார். உச்சியில் ஒரு தட்டைக் குச்சியைக் கிடத்தி, ரசமட்டம் வைத்து, அங்கிருந்து எஃகு அளவுகோலை இறக்குவார். பத்தாம் ஆண்டு 119.5 வந்தபோது, நர்சரிக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று எழுதினார். அரை சென்டிமீட்டர் பிசகை மன்னிப்பதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். இதற்கிடையில், 2018-லேயே, செயலாளர் பொறுப்பு தேர்தலில் தையற்காரம்மா கைக்குப் போயிருந்தது. பதினொரு விதிகளையும் எஃகு நாடாவையும் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்திருந்தார். கொடுத்ததும் வாங்கியதும் வாய் திறக்காமல் நடந்தது.

பதினோராம் ஆண்டு 128.3.

மூன்று முறை அளந்தார். பிறகு அளவுகோலைச் சோதித்தார். பிறகு நர்சரிக்குக் காரசாரமாக எழுதினார். பதினேழு நாளில் பதில் வந்தது:

‘ஐயா, பத்து ஆண்டுகளில் இவ்வளவு வளரும் என்றுதான் எழுதியிருந்தோம். பத்து ஆண்டோடு நின்றுவிடும் என்று எழுதவில்லை. செடிக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது. குருத்தை இளசிலேயே ஆண்டுதோறும் கிள்ளி வந்திருந்தால் அடக்கியிருக்கலாம். இப்போது தலையை வெட்டினால் கூம்பு மொட்டையாகிவிடும். இந்த இனம் பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. பெயர்த்து நட்டால் இந்த வயதில் பிழைப்பது சந்தேகம்.’

விதியோ வெட்டு அல்லது எடு என்றது. செடியோ வெட்டினால் மொட்டை, எடுத்தால் சாவு. தெருவில் வேறு யாரும் அதை அளக்கப் போவதில்லை. அவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் போதும். அந்த வித்தைதான் அவருக்குப் பழக்கமில்லை.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். அதை நோட்டில் தனிப் பக்கத்தில், தேதி போட்டு எழுதியிருக்கிறார்: செடியைச் சுற்றிப் பத்து செ.மீ. மண் ஏற்றியது. உயரம் ‘தரையிலிருந்து’ என்றுதானே விதி? தரையை உயர்த்தக் கூடாது என்று எங்கே இருக்கிறது? ஒரே மாலையில் செடி 118.3 ஆனது. குளிர்காலம் முடிவதற்குள் அடிக்கிளைகள் பழுப்பாயின. மனைவி கரண்டியால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“கழுத்து வரைக்கும் மண்ணப் போட்டு மூடினா யாருக்குத்தான் மூச்சு முட்டாது? நீங்களா இதைச் செஞ்சீங்க?”

“அளவுக்காக...”

“எங்க அப்பா கடையில ரெண்டு கிராம். எதிர்வீட்டு அக்கா செடி நாலு சென்டிமீட்டர். இப்ப இது. உங்க அளவுல மாட்டாம தப்பிச்சது நான் ஒருத்திதான்.”

அப்படியும் சொல்வதற்கில்லை. மனைவியின் உயரம் 1979-ஆம் ஆண்டு நோட்டில் இருக்கிறது: 152.4. அவர் அதை அப்போது எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் மண்ணை முழுவதும் கையாலேயே வழித்து எடுத்தார்.

செடி பிழைத்தது. பிழைத்ததோடு நில்லாமல் வளர்ந்தது. 20 அக்டோபர் 2022 — 134.2. அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூச்செடிக்காரியை நாலு சென்டிமீட்டருக்குக் கேட்டவன் பதினாலை மறைத்தால், முப்பத்து நான்கு ஆண்டுகளில் குத்திய முத்திரை எல்லாம் பொய்யாகிவிடும் என்று பட்டது. மறுநாள் தன் மேலேயே ஒரு புகார் எழுதி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தெருவைக் கடந்தார்.

தையற்காரம்மா மிஷினை நிறுத்தாமலே வாங்கிப் படித்தார். இரண்டாம் வரியில் மிஷின் நின்றது.

“இது உங்க வீட்டு நம்பர்.”

“ஆமா.”

“எவ்வளவு அதிகம்?”

“பதினாலு புள்ளி ரெண்டு.”

“என்னோடது நாலு. நாலுக்கே வேரோட போச்சு. பதினாலுக்கு என்ன செய்யறது இன்ஸ்பெக்டர் சார், வீட்டையும் சேர்த்து எடுக்கறதா?”

அவர் புகார் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் கேட்டார். தையற்காரம்மா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, “மொட்டையடிச்சுப் பார்க்கவா பன்னெண்டு வருஷம் தண்ணி ஊத்தினேன்?” என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் நாற்காலி மட்டும் செடிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நகர்ந்தது. அளந்ததில் பதினெட்டு சென்டிமீட்டர்.

நவம்பர் 4 அன்று, கண் டாக்டரிடம் போய் வாருங்கள் என்று மனைவி அவரைத் துரத்தாத குறையாக அனுப்பினார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு 12.40-க்குத் திரும்பினார். அந்தக் கண் முதலில் பார்த்தது, கூழாங்கல் வரிசையில் இரண்டு கல் இடம் மாறியிருந்ததை. இரண்டாவதாக, சமையலறைத் தொட்டியில் இரண்டு காபி டம்ளர்கள். மனைவி காபி குடிப்பதை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

முடிவு, விதி 8-ன்படி தபாலில் வந்தது. எதிர்வீட்டிலிருந்து இருபத்து மூன்று அடி கடந்து வர ஊரெல்லாம் சுற்றியிருந்தது.

‘தங்கள் புகார் தொடர்பாக, 4 நவம்பர் காலை 10.30-க்குச் சங்கத்தின் நாடாவால் செடி அளக்கப்பட்டது. உயரம் 119.0 செ.மீ. விதிமீறல் இல்லை. விதி 7-ன்படி இந்த அளவே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. நாடாவின் மேல்முனையைப் பிடித்தவர்: செயலாளர். கீழ்முனையைப் பிடித்தவர்: புகார்தாரரின் மனைவி.’

கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டாவது, அவர் நாற்பத்து மூன்று ஆண்டுகளாகப் பார்த்துவரும் கையெழுத்து. அதில் நடுக்கம் எதுவும் இல்லை.

நாடாவில் குறை சொல்ல வழியில்லை. சோதித்துக் கொடுத்தவரே அவர். விதியிலும் குறை சொல்ல வழியில்லை. வாசலுக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தது. மணி ஐந்து ஐந்து. தெருமுனையில் இரண்டு பேர் கிழக்கே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்; ஒருத்தி 152.4, மற்றவள் அளக்கப்படாதவள். செடி பக்கத்தில், தன் முழு 134.2 உயரத்துக்கும் நின்றது.

உள்ளே வந்து நோட்டைத் திறந்தார். மேல் வரியில் 134.2 இருக்கிறது. கீழே 119.0 எழுதினால், பதினைந்து நாளில் செடி 15.2 செ.மீ. குட்டையானதாக ஆகும். எழுதாவிட்டால் இறுதியான அளவு விடுபட்டதாக ஆகும். பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கடைசியில் அளவுக்கான கட்டத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, காலியாக விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றை மட்டும் எழுதினார்:

கடிதம் வந்த நாள் — 9 நவம்பர் 2022.