மாடிக்குப் போகாத மெத்தை

கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் வீடு முதல் மாடியில் இருந்தது. காலையில் நானும் மகனும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து மெத்தையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயவைப்போம். சுனாமி அலை வந்த ஞாயிறன்று அப்பாவோடு கடற்கரைக்குப் போனவன், யாரோ ஒரு மீனவரின் தோளில் தனியாகத் திரும்பினான். அப்போது அவனுக்கு ஆறு வயது. அன்று தொடங்கிப் படுக்கையை நனைப்பது, அவனுக்கு ஒன்பது வயதாகியும் நிற்கவில்லை. மாடியில் வடாம் போடும் பெண்கள் மெத்தையைப் பார்க்காததுபோல் இருப்பார்கள். இறந்துபோன என் கணவரின் அலுவலகத்திலேயே எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அங்கும் என்னிடம் மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

அந்த வருடம், கடற்கரைச் சாலைப் பக்கம் தனியாக இருந்த பெண்களைக் கொன்றுவந்த ஒருவன் பிடிபட்டான். அவனுடைய சிறுவயதைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை எழுதியிருந்தது. அப்பா இல்லாத பையன். யாரோடும் பேசமாட்டான். பத்து வயதுவரை பாயை நனைத்தான்.

அந்த வரியோடு பத்திரிகையை மூடிப் பீரோவுக்குமேல் போட்டேன்.

மறுநாளிலிருந்து மெத்தை மாடிக்குப் போகவில்லை. கதவைச் சாத்தி, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன். வீட்டில் நாற்றம் தங்கிவிட்டது. தீப்பெட்டியை மகனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். அவன் தட்டில் ஏறிய எறும்பை ஊதிவிடுகிறானா நசுக்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவனைச் செங்கல்பட்டுக்கு, மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் மீன்கூடைக்காரப் பெண்கள் இருவர்.

“பத்து வயசு வரிக்கும் பாயிலேயே வுட்டுகினு இருந்தானாமே அந்தக் கொலகாரன். அப்பவே தெரிய வேணாம்?”

“இன்னாடி தெரியும்? அப்டி பாத்தா எங்க வூட்டு ஆள இன்னிக்கே உள்ள தள்ளணும். குடிச்சிட்டு வந்தா இன்னமும் அதான் பண்ணிகினு கீது!”

பேருந்தே சிரித்தது. நடத்துநர்கூடச் சிரித்தார். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மருத்துவர் அவனிடம், “கடல நெனச்சா பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு. ஆனா இப்போ அம்மாதான்... என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க. மெத்தைய ஒளிச்சு வெக்கறாங்க.”

அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன்.

“பாய நனைச்சதுனால யாரும் அப்படி ஆகறதில்லம்மா. நனைச்ச பையன வீட்ல என்ன செஞ்சாங்கன்னு போட்டிருந்துதா?”

“அதுக்கு மேல படிக்கல சார்.”

“சின்ன வயசுல வீட்ல அடிபட்டவங்கள்லகூட முக்காவாசிப் பேர் யாரையும் எதுவும் செய்யறதில்ல. ஒருத்தன் மட்டும் ஏன் அப்படிப் போறான்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா உங்க பையனுக்கு இருக்கறது பயம். அத நீங்க கூட்டாம இருங்க.”

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகையை எடுத்து மீதியைப் படித்தேன். பாய் நனைந்த நாட்களில் அவனுடைய மாமா அவனை அடித்து, ஈரப் பாயைத் தலையில் வைத்துத் தெருவில் நிறுத்துவாராம். தெரு பார்த்துக்கொண்டு போகுமாம். அவன் கொன்ற பெண்களையும் நினைத்தேன். அவனை மன்னிக்க முடியவில்லை. தெருவில் நின்ற அந்தப் பையனை மறக்கவும் முடியவில்லை, இன்றுவரை.

மறுநாள் காலை சுவரில் சாய்த்திருந்த மெத்தையை எடுத்தேன். மகன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

“மாடிக்கா?”

“ம்.”

படியில் பக்கத்து வீட்டுப் பெண் இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் நின்றுவிட்டேன். மெத்தை மறைத்ததில் மகனின் முகம் தெரியவில்லை. ஆனால் அவன் கீழேயிருந்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.